ஆஷ் மரங்களை இப்போதே தறித்து விறகாக்குவதா, வண்டு வரட்டும் என்று விடுவதா?

வளவுக்காரன் (லின்ட்சே பக்கம், ஒன்ராறியோ) | மார்ச் 22

எல்லோருக்கும் வணக்கம். விறகு எரிப்பவர்களும் மர வேலை தெரிந்தவர்களும் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று பழைய இழைகளில் பார்த்தேன். அந்தத் துணிவில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் அவரவர் வழியில் போனபிறகு, நானும் மனிசியும் லின்ட்சேக்கு வடக்கே ஆறு ஏக்கர் காணி வாங்கி வந்து ஐந்து வருடமாகிறது. வீட்டைச் சூடாக்க விறகு அடுப்புத்தான். ஒரு மாரிக்கு நாலு புஷ் கோர்ட் போகும். ஒரு புஷ் கோர்ட் என்றால் நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளத்துக்கு அடுக்கிய விறகு. முதல் வருடம் ஒருவரிடம் நாலு கோர்ட் என்று பேசிக் காசு கொடுத்தேன். வந்து இறக்கியது ஃபேஸ் கோர்ட், அதாவது மூன்றிலொரு பங்கு. அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

அன்றிலிருந்து என் விறகை நானே தறிக்கிறேன். இந்த வேலை எனக்குப் புதிதில்லை. அப்பாவுக்குக் கொக்குவிலில் விறகு காலை, அதாவது விறகு அடுக்கி விற்கிற இடம், இருந்தது. வன்னியிலிருந்து லொறியில் வீரையும் பாலையும் வந்து இறங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுக்குவது என் வேலை. அப்பா பச்சை விறகைத் தனியாகப் போட்டுவிடுவார், கேட்டாலும் விற்கமாட்டார். "வாங்கிக்கொண்டு போகிறவளுக்கு அடுப்பங்கரையில் கண் எரிந்தால் திட்டு எனக்குத்தான் வரும்" என்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காணியில், பெரும்பாலும் கிழக்கு எல்லையில், 23 ஆஷ் மரங்கள் நிற்கின்றன. ஆஷ்தான் என்பதில் சந்தேகமில்லை. கிளைகள் எதிரெதிராக முளைக்கின்றன, ஒரு காம்பில் ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள், முதிர்ந்த மரத்துப் பட்டையில் சாய்சதுரமாக வரி ஓடுகிறது. எல்லாமே வெள்ளை ஆஷ் என்று நினைக்கிறேன்.

போன கிழமை எங்கள் றோட்டின் முடிவிலுள்ள காணிப்பக்கம் நடந்து போனேன். அங்கே நாலைந்து ஆஷ் மரங்களின் உடம்பில் திட்டுத் திட்டாகப் பட்டை சீவி, தோலுரித்த மரவள்ளிக்கிழங்குபோல வெளிறிக் கிடந்தது. அடியில் பனிக்கு மேல் பட்டைத் துகள். முதலில் யாரோ கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மரங்கொத்திகள், மூன்று. தளர்ந்திருந்த ஒரு பட்டையை இழுத்தேன், பலகைபோல உரிந்து வந்தது. உள்ளே முழுக்க வளைந்து வளைந்து போகிற தடம், அதற்குள் மாவு இடித்து அடைத்ததுபோலத் தூள். பட்டைக்கு வெளியே சின்னத் துளைகள், நாலு மில்லிமீற்றர்கூட வராது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. ஆஷ் மரங்களைச் சாகடிக்கிற அந்தப் பச்சை வண்டுதான், எமரால்ட் ஆஷ் போரர். என் எல்லையிலிருந்து அந்த இடம் ஒன்றரைக் கிலோமீற்றர்.

பக்கத்துக் காணிக்காரர் எழுபது தாண்டிய விவசாயி. "இலை வருவதற்கு முன் எல்லாவற்றையும் தறித்துவிடு. ஆஷ் பச்சையிலேயே எரியும். மூன்று வருடம் விட்டாயானால் காசு கொடுத்தாலும் அந்த மரத்தில் கைவைக்க ஆள் வராது" என்கிறார். மனிசியோ, "வருத்தமே வராத மரத்தை, சாகப்போகிறது என்று சொல்லி வெட்டுவது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்கிறா. இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படுவதுதான் சிக்கல்.

இன்னும் இரண்டு விஷயம். வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பெரிய ஆஷில் பேத்திக்கு ஊஞ்சல் கட்டியிருக்கிறேன். அதையாவது காப்பாற்ற வழி உண்டா? அடுத்தது, மார்க்கம் (Markham) நகரில் இருக்கும் மச்சான் இப்போதே விறகுக்குச் சொல்லி வைத்துவிட்டார். கோடையில் வடக்கே கூடாரம் அடிக்கப் போகும்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு போவாராம். கொடுக்கலாமா?

---

கோடாலிக்காம்பு (டுர்ஹாம்) | மார்ச் 22

அண்ணை, பதினாலு வருடமாக மரம் வெட்டுகிற குழுவில் வேலை செய்கிறேன். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆஷ் மரத்தில் காம்பு போடுவது இங்கே பழைய வழக்கம், அதனால் வைத்த பெயர்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. சரியான பாதியை முதலில் சொல்கிறேன். வண்டின் புழு, பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் உணவு ஓடுகிற படையைத்தான் தின்கிறது. மரத்தைச் சுற்றி அந்தப் படை அறுந்தால் உணவும் தண்ணீரும் சரியாக ஓடாது. உச்சி முதலில் காயும். அப்புறம் அடியிலிருந்து புதுத் தளிர் கொத்தாக வெடிக்கும், பார்ப்பவர்கள் மரம் தேறிவிட்டது என்று நினைப்பார்கள். தாக்கம் கூடிய இடத்தில் இரண்டு, மூன்று, நாலு வருடத்தில் கதை முடிந்துவிடும்.

செத்த ஆஷ் மற்ற மரங்களைப்போல நின்று மெதுவாக உக்குவதில்லை. வெகு சீக்கிரம் காய்ந்து, பிஸ்கற் மாதிரி முறியத் தொடங்கும். போன மாரியில் ஒரு வீட்டுப் பின்வளவில் செத்த ஆஷ் ஒன்றுக்குக் கயிறு போட்டோம். வாள் இன்னும் தொடவில்லை. கயிற்றைச் சும்மா இழுத்துப் பார்த்ததற்கே மேல் மூன்றிலொரு பங்கு முறிந்து, நான் ஒரு நிமிடத்துக்கு முன்பு நின்ற இடத்தில் விழுந்தது. அன்றிலிருந்து செத்த ஆஷில் எங்கள் குழுவில் ஒருவரும் ஏறுவதில்லை. தூக்கி வாகனம் போகாத இடமென்றால் வேலையே வேண்டாம் என்கிறோம்.

உயிரோடு நிற்கிற ஆஷிலும் ஒரு குணம் இருக்கிறது, சாய்ந்த மரமென்றால் கட்டாயம் கவனியுங்கள். பின்பக்கத்தால் அறுத்துக்கொண்டு போகும்போது, அறுத்து முடிக்குமுன் அடிமரம் நெடுக்காகப் பிளந்து மேலே எழும்பி அடிக்கும். பார்பர் செயர் என்பார்கள், நம்மவர்கள் சலூன் கதிரை என்கிறோம். அந்தக் கதிரையில் இருந்தவன் எழும்புவதில்லை. அப்பாவின் விறகு காலையில் நீங்கள் பார்த்தது வெட்டி வந்த மரம், நிற்கிற மரமில்லை. சாய்ந்ததையும் உச்சி காய்ந்ததையும் நீங்கள் தொடவேண்டாம்.

இனிப் பிழையான பாதி. 23ஐயும் இப்போதே தறிப்பதால் வண்டு நிற்கப்போவதில்லை. அதை அரசாங்கமே செய்து பார்த்துவிட்டது. 2002இல் டிட்ரோயிட்டிலும் வின்ட்சரிலும் வண்டைக் கண்டுபிடித்தார்கள். 2004இல் வின்ட்சருக்குக் கிழக்கே, ஈரி ஏரியிலிருந்து செயின்ட் கிளேயர் ஏரிவரை ஏறத்தாழ 10 கிலோமீற்றர் அகலத்துக்கு ஓர் ஆஷ்கூட நிற்காமல் வெட்டினார்கள். பல பத்தாயிரம் மரம். நெருப்புக்குக் காடு வெட்டி இடைவெளி விடுவது போன்ற யோசனை. ஆனால் வண்டு அந்த இடைவெளிக்கு அப்பாலும் வந்துவிட்டது. 2007இல் ரொறன்ரோவில் கண்டார்கள். மாநகரசபைக் கணக்கில் அங்கே ஏறக்குறைய 8,60,000 ஆஷ் நின்றது. அதில் எவ்வளவு எங்கள் வாளுக்குக் கீழே போயிற்று என்று எண்ணவே மனமில்லை.

உங்கள் இடத்தில் நானென்றால், வீடு, றோட்டு, மின்கம்பி ஆகியவற்றின் மேல் விழக்கூடியவற்றையும் உச்சி ஏற்கெனவே காய்ந்தவற்றையும் இந்த வருடம் எடுப்பேன். உச்சியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போனால் பிறகு வெட்டவும் ஆபத்து, மருந்தும் ஏறாது. காணியின் நடுவில் விழுந்தாலும் ஒருவருக்கும் சேதமில்லாத மரங்களை விடுங்கள். செத்தாலும் மரங்கொத்திக்குச் சாப்பாடு.

மச்சானுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் ஊரும் மார்க்கமும் வண்டு பரவாமலிருக்க வரையறுத்த ஒரே கட்டுப்பாட்டு வலயத்துக்குள் இருப்பதால் அங்கே கொண்டுபோவது சட்டப்படி குற்றமில்லைதான். ஆனால் வலயத்துக்கு வெளியே அனுமதி இல்லாமல் ஆஷ் மட்டுமல்ல, எந்த மரத்து விறகும் போகக்கூடாது என்பது கனடிய உணவு ஆய்வு முகவரகத்தின் விதி. மச்சான் கோடு பார்த்தா வண்டி ஓட்டப்போகிறார்? வண்டு தன் சிறகால் பறந்தால் வருடத்துக்கு ஓரிரண்டு கிலோமீற்றர்தான் பெரும்பாலும். நெடுஞ்சாலை 400இல் நூறு கிலோமீற்றர் வேகத்தில் போனதெல்லாம் விறகோடுதான். பார்க் வாசலிலேயே விறகு விற்கிறார்கள், அங்கே வாங்கி அங்கேயே எரிக்கச் சொல்லுங்கள்.

ஊஞ்சல் மரத்துக்கு வழி இருக்கிறது. கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். இங்கே ஆஷுக்குப் போடுகிற ஊசிகளில் ஒன்று ட்ரீஅசின். அதற்குள் இருப்பது அசாடிராக்டின், வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்தது. அடிமரத்தைச் சுற்றித் துளை போட்டுச் சின்னக் குப்பிகளைப் பொருத்தினால் மரம் தானே உறிஞ்சி மேலே ஏற்றிக்கொள்ளும். தின்கிற புழுவால் தோல் உரிக்க முடியாது, அதோடு சரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போடவேண்டும். இலை முழுதாக விரிந்தபிறகு, ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை. அனுமதிப்பத்திரம் உள்ளவர்தான் போடலாம். அடிமரத்தின் விட்டத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து விலை சொல்வார்கள்.

---

குளிர்காலப்பறவை | மார்ச் 23

ஒரு சந்தேகம். இந்த ஜனவரியில் எங்கள் பக்கம் மைனஸ் 28 வரை போனதே, புழு விறைத்துச் சாகாதா? இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விடக்கூடாதா?

---

கோடாலிக்காம்பு | மார்ச் 23

கொஞ்சம் சாகும். ஆனால் அந்த 28 காற்றின் குளிர். பட்டைக்கு அடியில் அதைவிடக் குறைவாகத்தான் குளிரும். புழுவும் தன் உடம்பில் கிளிசரோல் சேர்த்து வைத்திருக்கிறது, நாம் காரில் ஊற்றுகிற உறைதடுப்பி மாதிரி. மைனஸ் 34 அளவுக்குப் போனால் பெரும்பகுதி போய்விடும் என்கிறார்கள். தென் ஒன்ராறியோவில் அந்தக் குளிர் வந்தால் நாங்களும் சேர்ந்து போவோம்.

---

நெல்லைக்காரி (கேன்டன், மிச்சிகன்) | மார்ச் 23

தலைப்பைப் பார்த்ததும் "ஆஷ்" என்ற சொல்லில் திடுக்கிட்டுத்தான் உள்ளே வந்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆஷ் என்றால் மணியாச்சி ரயில் நிலையமும் 1911உம் வாஞ்சிநாதனும்தான். இங்கே மிச்சிகனில் அந்தச் சொல்லுக்கு வேறு துக்கம்.

இந்த வண்டு வட அமெரிக்காவில் முதன்முதலில் காலூன்றியது நாங்கள் இருக்கும் இந்த டெட்ராய்ட் மேற்குப் புறநகர்ப் பகுதியில்தான். கண்டுபிடித்தது 2002 என்றாலும் அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே வந்துவிட்டதாம். மர வளையங்களை எண்ணிச் சொன்னார்கள். கிழக்காசியாவிலிருந்து சரக்கோடு வந்த மரப்பெட்டி, மரச்சட்டம் எதிலோ ஒளிந்து வந்திருக்கவேண்டும். அங்கே உள்ள ஆஷ் மரங்கள் வண்டோடு பழகியவை, தாக்குப் பிடிக்கும். இங்கே உள்ளவற்றுக்கு அந்தப் பழக்கமே இல்லை.

நான் 2008இல் இங்கே குடி வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் மேப்பிள் கன்றுகள் நின்றன. புதுக் குடியிருப்பு போல என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னார், எல்லாம் ஆஷ் நின்ற இடமாம். அதற்கும் முன்னால் எல்ம் மரங்கள் நோய் வந்து போனபோது, சீக்கிரம் வளர்கிறது, எந்த மண்ணிலும் நிற்கிறது என்று ஊர் ஊராக ஆஷை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஒன்றே ஒன்றை நட்டதுதான் வினை. இப்போது மேப்பிளை அதே மாதிரி நட்டிருக்கிறோம். என்னத்தைச் சொல்ல.

என் அப்பா தென்னந்தோப்பு வைத்திருந்தவர். சிவப்புக் கூன்வண்டு விழுந்த மரம் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். குருத்து சாயும்போதுதான் தெரியும், அதற்குள் உள்ளே சோறாகிவிட்டிருக்கும். அதனால் அண்ணாச்சி, உங்கள் 23இல் எதுவும் வெளியே தெரியவில்லை என்பதால் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரங்கொத்தி உங்களைவிட முன்னாலேயே கண்டுபிடித்துவிடும், அதைக் கவனியுங்கள்.

ஆனால் நான் உங்கள் வீட்டம்மா கட்சி. இங்கேயும் ஒஹாயோவிலும் எல்லாம் செத்த காட்டுக்கு நடுவே மிகச் சில ஆஷ் மரங்கள் மட்டும் சாகாமல் நிற்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றிலிருந்து கிளை எடுத்து ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். முன்னாலேயே வெட்டித் தள்ளியிருந்தால் எது தாங்கும், எது தாங்காது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

இன்னொன்று. வெள்ளை ஆஷ் நம் பனை மாதிரி, ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் கொத்துக் கொத்தாக, துடுப்பு போன்ற ஒற்றைச் சிறகோடு தொங்குவது பெண் மரத்தில்தான், சிலவற்றில் குளிர்காலத்திலும் உதிராமல் இருக்கும். ஊசி போடுவது என்று முடிவு செய்தால் நிழல் மரம் ஒன்றை மட்டும் பார்க்காமல், ஜோடியாகப் பார்த்துப் போடுங்கள்.

---

வளவுக்காரன் | ஏப்ரல் 19

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லாமல் போனால் முறையில்லை.

தொலைநோக்கியோடு இரண்டு நாள் 23 மரத்துக்கும் அண்ணாந்து பார்த்ததில் கழுத்துப் பிடித்துவிட்டது. ஆறு மரத்தில் உச்சி மெலிந்திருக்கிறது. அதில் இரண்டில், நிலத்திலிருந்து இருபதடிக்கு மேலே, மரங்கொத்தி சீவிய வெளிர்திட்டு. கீழே நின்று பட்டையைத் தடவிக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் என்று நான் எழுதிய அன்றைக்கே அது என் வளவுக்குள் வந்துவிட்டிருக்கிறது.

அந்த ஆறையும், மின்கம்பிப் பக்கம் சாய்ந்திருந்த ஒன்றையும் ஆள் வைத்துத் தறித்தாயிற்று. சலூன் கதிரை என்று படித்தபிறகு வாளை எடுக்க மனிசி விடவில்லை. விழுந்தபிறகு துண்டு போட்டதும் பிளந்ததும் நான்தான். ஆஷ் பிளப்பதைப்போல ஒரு சுகம் இல்லை. நேர் நார், முடிச்சுக் குறைவு. கோடாலி விழுந்ததும் "டக்" என்று இரண்டாகப் போகும். எல்ம் பிளந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பட்டையை உரித்து அங்கேயே எரித்தேன். உரிக்கும்போது புழுவைப் பார்த்தேன். இடியப்பத்து நூல் ஒன்றைத் தட்டையாக்கியதுபோல வெள்ளை, உடம்பு முழுக்க மணி அடுக்கியதுபோலக் கட்டுகள், தலை மட்டும் மண்ணிறம். பட்டைக்குக் கீழே, மரத்துக்குள்ளேயே கொஞ்சம் குடைந்து, தூண்டில் முள்ளுப்போல மடிந்து படுத்திருந்தது. உள்ளங்கையில் வைத்தேன். ஒன்றும் செய்யவில்லை, சும்மா கிடந்தது. இதுவா இவ்வளவும் செய்தது என்று இருந்தது.

பச்சையில் எரிப்பது பற்றி: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுபோல ஆஷில் மற்ற மரங்களைவிடத் தண்ணீர் குறைவுதான். ஆனால் பிளந்த முகத்தில் ஈரமானி 32 வீதம் காட்டியது. இருபதுக்குக் கீழே வராமல் அடுப்பில் போடமாட்டேன். புகைக்கூண்டில் தார் படியும், அப்பாவும் சும்மா விடமாட்டார். எல்லாம் கிழக்குப் பக்கத்திலேயே, தறித்த இடத்திலேயே அடுக்கி, மேலே மட்டும் தறப்பாள் போட்டிருக்கிறேன். மரத்துக்குள் மிஞ்சிய புழு ஏதும் இருந்தால் ஜூனில் வெளியே வரட்டும், இங்கேதான் அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கிறார்களே. இரண்டு கோடை தாண்டாமல் அந்த அடுக்கிலிருந்து ஒரு துண்டும் வெளியே போகாது.

மச்சானிடம் சொன்னேன். "இப்போ விறகுக்கும் விசா கேட்கிறாயா?" என்றார். ஒரு கிழமை கதைக்கவில்லை. பிறகு தானே எடுத்து, பார்க்கில் ஒரு பை விறகு என்ன விலை என்று விசாரித்ததாகச் சொன்னார். விலையைச் சொன்ன தொனியில் இன்னும் என்மேல் கோபம் இருந்தது.

நெல்லைக்காரி அக்கா, நீங்கள் சொன்னது சரி. இத்தனை வருடம் ஊஞ்சலாட்டியும் அந்த மரம் காய்த்ததே இல்லை என்பது எனக்குப் படவில்லை. ஆண் மரம். தெற்கு மூலையில், நாற்பது நாற்பத்தைந்து மீற்றர் தள்ளி நிற்கிற ஒன்றில் போன வருடக் காய்க்கொத்து இன்னும் காய்ந்து தொங்குகிறது. நல்ல மரம், உச்சி நிறைய இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஊசிக்குச் சொல்லியாயிற்று. இரண்டு மரத்தையும் அளந்து 560 டொலர் என்றார்கள். மனிசியிடம் தொகையைச் சொல்லத் தயங்கினேன். அவவோ, ஊரில் வளவு நிறைய நின்ற வேம்பை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று அதற்குத்தான் கவலைப்பட்டா.

மிச்சம் பதினாலு மரம் நிற்கிறது. அவற்றை அப்படியே விடுகிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் கழுத்து நோகும், அவ்வளவுதான்.

ஜூன் நடுவில் ஊசி போட ஒரு பெடியன் வருவான். வேப்பம்பூ வடகம் பொரித்துக் கொடுத்து, அவன் மரத்துக்கு என்ன கொடுக்கிறான் என்று அவனுக்குக் காட்டவேண்டும் என்று மனிசி இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறா.